மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார்: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதற்குள் நான்கு வழிகள் தெரிகின்றன. கிட்டார், ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி), கேபிள், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) என்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் பேக் ஒன்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் மலிவு வரிசைக் கிட்டாரை மட்டும் வாங்கி, ஒலிக்குத் தனியாக வழி செய்துகொள்வது இன்னொன்று. அதே பணத்துக்கு, யாரோ வாசித்துவிட்டு விற்கும் ஒரு படி உயர்ந்த பழைய கிட்டார் மூன்றாவது. பெயரே கேள்விப்படாத, ஆக மலிவான ஒன்றை வாங்கி, பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்) டியூனிங் சாவிகளையும் பிறகு மாற்றிக்கொள்வது நான்காவது.

நான்கிலும் நல்ல கிட்டார் கிடைக்கும், நான்கிலும் ஏமாறவும் முடியும். குழப்பம் தீராததற்குக் காரணம், பலரும் விலைச்சீட்டில் உள்ள விலையை ஒப்பிடுவதுதான். ஒப்பிட வேண்டியது, அந்தக் கிட்டார் நம் கையில் ஒழுங்காக வாசிக்கும் நிலைக்கு வந்து நிற்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்பது. அப்படிக் கணக்குப் போட்டால் வரிசையே மாறிவிடும்.

இன்றைய மலிவுக் கிட்டார்களில் எது மலிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது இதற்கு உதவும். கணினி ஓட்டும் வெட்டு இயந்திரங்கள் வந்த பிறகு, கிட்டாரின் உடலும் நெக்கும் (கையால் பிடிக்கும் நீண்ட கழுத்து) எந்த விலையிலும் ஓரளவு துல்லியமாகவே வெட்டப்பட்டு வருகின்றன. இயந்திரம் செய்யக்கூடிய வேலையெல்லாம் மலிவாகிவிட்டது. மனிதர் உட்கார்ந்து நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை மலிவாகவில்லை. ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகளைத் தேய்த்து மழுமழுப்பாக்குவது, எல்லா ஃபிரெட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சமன்செய்வது, நட்டில் (நெக்கின் தலைப் பக்க முனையில் உள்ள சிறு துண்டு) தந்தி உட்காரும் வெட்டுகளைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, கடைசியில் மொத்தக் கிட்டாரையும் செட்அப் செய்வது (தந்தி உயரம், நெக் வளைவு, சுருதி எல்லாவற்றையும் சரிபார்த்து அமைப்பது) ஆகியவை அந்த வேலைகள். தொழிற்சாலை காசை மிச்சம் பிடிப்பது இங்கேதான். அதனால் மலிவுக் கிட்டாரில் குறை தேட வேண்டிய இடமும் இதுதான். உடல் பாப்லர் மரமா, பாஸ்வுட் மரமா என்ற விவாதத்தில் செலவழிக்கும் நேரத்தை ஃபிரெட்டைத் தடவிப் பார்ப்பதில் செலவழியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விரலுக்கு இணங்குகிறதா. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். 12-வது ஃபிரெட்டுக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரத்தைப் பாருங்கள். தடித்த தந்திக்குச் சுமார் 2 மி.மீ., மெல்லிய தந்திக்குச் சுமார் 1.5 மி.மீ. என்றால் ஆரம்பநிலைக் கைக்கு வசதி. 3 மி.மீ. தாண்டியிருந்தால் பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் கார்டு) பிடிக்கும்போது விரல் அழும். ஆனால் இந்த உயரத்தைப் பிரிட்ஜில் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) உள்ள திருகுகளால் எளிதில் குறைத்துவிடலாம். அதைவிட முக்கியமானது நட். தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இடைவெளி தாராளமாகத் தெரிந்தால் நட் வெட்டுகள் போதிய ஆழம் இல்லை என்று பொருள்.

நட் உயரமான கிட்டாரில் இரண்டு சங்கடம். முதல் இரண்டு மூன்று ஃபிரெட்களில் அழுத்துவது கடினம். அதோடு, அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு ஸ்வரமும் கொஞ்சம் ஏறிவிடும். விரல் வைக்காத ஓப்பன் தந்திகளைச் சுருதி சேர்த்த பிறகும் சாதாரண கார்டுகள் ஒட்டாமல் கேட்கும். ஆரம்பநிலையில் இருக்கும் ஒருவர் நாள் முழுவதும் வாசிப்பது அந்த முதல் மூன்று ஃபிரெட்களில்தான். எஃப் கார்டு வரவில்லை என்று தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டு கிட்டாரையே ஓரங்கட்டியவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பலருக்குப் பிரச்சினை விரலில் இருந்திருக்காது.

சுருதி நிற்கிறதா. தந்தியை வளைத்து வாசித்துவிட்டு மறுபடி டியூனரில் (சுருதி காட்டும் கருவி) பாருங்கள். சுருதி கலைந்தால் எல்லோரும் முதலில் டியூனிங் சாவிகளைத்தான் பழிப்பார்கள். நிஜத்தில் குற்றவாளி பெரும்பாலும் தந்தியைக் கவ்விப் பிடிக்கும் நட் வெட்டு, அல்லது சாவியில் சரியாகச் சுற்றப்படாத தந்தி. மூன்றாவது தந்தி மட்டும் அடிக்கடி கலைந்தால் நட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒலி எங்கிருந்து வரும். எலெக்ட்ரிக் கிட்டார் பாதி வாத்தியம், மீதிப் பாதி ஆம்ப். சுமாரான கிட்டாரும் நல்ல ஆம்பும் சேர்ந்தால் கேட்க நன்றாக இருக்கும். நல்ல கிட்டாரைச் சுமாரான ஆம்பில் செருகினால் அந்த ஆம்பின் ஒலிதான் வரும்.

குறை இருந்தால் திருத்த முடியுமா. உயரமான நட், கூரான ஃபிரெட் முனை, கரகரக்கும் வால்யூம் குமிழ், ஆடும் ஜாக் இவை எல்லாம் திருத்தக்கூடியவை. முறுக்கிக்கொண்ட நெக், திருகு மழுங்கி இனித் திரும்பாத ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), இடம் தவறிப் பொருத்தப்பட்ட பிரிட்ஜ் ஆகியவற்றைத் திருத்த ஆகும் செலவு மலிவுக் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

விற்றால் என்ன கிடைக்கும். முதல் கிட்டாரைக் கடைசிவரை வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால் இதையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

## வழி 1: ஸ்டார்ட்டர் பேக்

கிட்டாரையும் ஆம்பையும் ஒன்றாக விற்பது புதிய யோசனை அல்ல. 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில், பெட்டியின் உள்ளேயே ஆம்பும் ஸ்பீக்கரும் பதித்த கிட்டாரை விற்றது. கிட்டாரை வெளியே எடுத்தால் பெட்டியே ஆம்ப். அதைத் தயாரித்துக் கொடுத்தது டான்எலெக்ட்ரோ. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலரின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் அதுதான்.

இன்றைய பேக்கின் பெரிய பலம், வீட்டுக்கு வந்த அன்றே வாசிக்கத் தொடங்கிவிடலாம் என்பது. எதை எதோடு செருகுவது, எந்த கேபிள் பொருந்தும் என்ற கவலை இல்லை. பரிசாகக் கொடுக்க நினைப்பவருக்கும், கிட்டார் பற்றி ஒன்றும் தெரியாத பெற்றோருக்கும் இது பெரிய நிம்மதி.

பலவீனம், ஒரே விலைக்குள் ஏழெட்டுப் பொருட்களை அடக்க வேண்டியிருப்பது. கிட்டாருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு சிறுத்துவிடுகிறது. ஆம்ப் பெரும்பாலும் 10 வாட், 6 அங்குல ஸ்பீக்கர் அளவில் இருக்கும். அதில் சுத்தமான ஒலி பரவாயில்லை. டிஸ்டார்ஷனை (ராக் இசையின் கரடுமுரடான ஒலி) போட்டால் தேனீக் கூட்டம் மாதிரி இரையும். ராக், மெட்டல் வாசிக்க ஆசைப்பட்டு வாங்கியவர் மனம் உடைவது இங்கேதான். மறைமுகச் செலவும் இங்கேதான் தொடங்குகிறது. ஆம்பைச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். கூட வரும் மெல்லிய கேபிள் சில மாதங்களில் விட்டுவிட்டுப் பேசும். பையில் பஞ்சே இருக்காது. செட்அப் எவரும் செய்து அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டைப் பாருங்கள். ஆம்பில் ஹெட்ஃபோன் துளை இருக்க வேண்டும். கிட்டார் மேலே பெயர் பெற்ற நிறுவனத்தின் மலிவு வரிசை முத்திரை இருக்க வேண்டும். ஸ்குவையர், எபிஃபோன், யமஹா, ஐபனீஸ் எல்லாமே பேக் வடிவில் விற்றிருக்கின்றன. அந்தக் கிட்டார்கள் தனியாக வாங்குபவற்றை விட ஒரு படி கீழே இருந்தாலும், செட்அப் செய்தால் நன்றாகவே வாசிக்கலாம்.

## வழி 2: பெயர் பெற்ற நிறுவனத்தின் மலிவு வரிசை

எபிஃபோனை கிப்சன் நிறுவனம் 1957-இல் வாங்கியது. இன்று கிப்சன் வடிவங்களை மலிவில் தருவது அதுதான். ஃபெண்டரின் வடிவங்களுக்கு ஸ்குவையர். அந்தப் பெயரில் கிட்டார்கள் 1982-இல் ஜப்பானில் தொடங்கின. யமஹாவுக்கு 1990-இல் வந்த பசிஃபிகா வரிசையும், ஐபனீஸுக்கு ஜியோ வரிசையும் உண்டு. இவை பெரும்பாலும் இந்தோனேசியா, சீனா போன்ற இடங்களில் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் தயாராகின்றன. பெயருக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் அந்தப் பணத்துக்கு இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களை எடுத்தால் தரம் பெரிதாக வேறுபடாது. இரண்டு, பிரிட்ஜ், நட், குமிழ் எல்லாம் ஓரளவு பொது அளவில் இருப்பதால் பிறகு எதை மாற்றினாலும் பொருந்த வாய்ப்பு அதிகம்.

இந்த வழியில் போகிறவர் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். வடிவத்தையும் நிறத்தையும் பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் பார்க்கும்போதே எடுத்து வாசிக்கத் தூண்டும் கிட்டார்தான் அதிகம் வாசிக்கப்படும்.

முதல் முடிவு பிரிட்ஜ். அசையாத பிரிட்ஜ் வேண்டுமா, கைப்பிடி போட்டு ஆட்டும் ட்ரெமலோ வேண்டுமா? மலிவு விலையில் என் வாக்கு அசையாத பிரிட்ஜுக்கே. அதில் சுருதி நிற்கும், தந்தி மாற்றுவது எளிது, ஒரு தந்தி அறுந்தாலும் மற்ற ஐந்தும் கலையாது. ட்ரெமலோவோடு வரும் ஃபெண்டரின் ஸ்ட்ராட் வடிவம்தான் வேண்டும் என்றால் பிரச்சினையில்லை. பின்பக்கம் உள்ள ஸ்பிரிங்குகளை இறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்டி உட்கார வைத்துவிட்டால் ஏறக்குறைய அசையாத பிரிட்ஜ் மாதிரியே நடந்துகொள்ளும். மலிவுக் கிட்டாரில் வரும் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பூட்டும் ட்ரெமலோவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மென்மையான உலோகத்தில் செய்த அதன் முனைகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தபின் சுருதி திரும்பவே திரும்பாது.

இரண்டாவது முடிவு பிக்கப். சிங்கிள் காயில் என்றால் தெளிவான, கணீரென்ற ஒலி. கூடவே மின்சாரக் கம்பிகளிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து வரும். அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்சனில் செத் லவர் 1955-இல் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கரை வடிவமைத்தார். டிஸ்டார்ஷன் அதிகம் போடுபவருக்கு ஹம்பக்கர் நல்லது. என்ன வாசிப்போம் என்றே தெரியாதவருக்கு, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள அமைப்பு வசதி. பசிஃபிகா 112 அப்படிப்பட்டது. அதன் 112V மாடலில் ஹம்பக்கரைப் பிரித்து ஒற்றைக் காயிலாகவும் வாசிக்கலாம்.

மூன்றாவது, நெக்கின் நீளம். ஃபெண்டர் வகையில் தந்தியின் வாசிப்பு நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை) 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் அதே தடிமன் தந்தியில், குட்டையான நெக்கில் இழுவிசை குறைவு, ஃபிரெட்களும் கொஞ்சம் நெருக்கம். சிறிய கைகளுக்கு இது தெரியும்.

இப்போது ஆம்ப் கேள்வி. இந்த வழியின் மறைமுகச் செலவு அதுதான். கிட்டாரின் விலை மட்டும் கண்ணில் படும், ஒலிக்குத் தனியாகப் பணம் தேவை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒலிக்கும் செட்அப்புக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் கிட்டார் தேடுங்கள்.

ஒலிக்கு மூன்று பாதைகள். பல ஆம்ப்களின் ஒலியை உள்ளே வைத்திருக்கும் சிறிய மாடலிங் ஆம்ப் ஒன்று. வீட்டில் வாசிக்க அதுவே போதும், ஹெட்ஃபோனும் போடலாம். இன்னொன்று, கிட்டாரின் துளையிலேயே செருகிக்கொள்ளும் விரல் நீள ஹெட்ஃபோன் ஆம்ப். இரவில் மட்டும் வாசிப்பவருக்கு, சுவர் மெல்லிய வீட்டில் இருப்பவருக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது. மூன்றாவது, ஏற்கெனவே நல்ல கணினி இருந்தால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, இலவச ஆம்ப் மென்பொருளில் வாசிப்பது. ஒலித் தரத்தில் இது மற்ற இரண்டையும் மிஞ்சும். ஆனால் இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்றே உள்ள உள்ளீடு இருக்க வேண்டும். கணினியின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி மந்தமாக, உயிரில்லாமல் வரும். கிட்டார் பிக்கப்பின் மின்மறுப்புக்கு (impedance) அந்தத் துளை பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்க முயலாதீர்கள். தந்தியைத் தட்டியதற்கும் காதில் கேட்பதற்கும் இடையில் 100 மில்லி வினாடிக்கும் மேலே தாமதம் ஆகலாம். தாளம் பிடிக்கவே முடியாது. கம்பி போட்ட ஹெட்ஃபோன்தான் சரி.

## வழி 3: பழைய கிட்டார்

பணத்துக்கு அதிக மதிப்பு கிடைப்பது இந்த வழியில்தான். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உள்ளே தேய்ந்துபோகும் பொருள் குறைவு. நெக் நேராக இருந்து, ஃபிரெட்டில் உயிர் இருந்தால், பத்து வருடம் பழையதும் புதியது போலவே வாசிக்கும். ஆசையாக வாங்கி, சில மாதம் வாசித்து, அலமாரி மேல் வைத்துவிட்டு விற்பவர்கள் ஏராளம். முதல் உரிமையாளர் தாங்கிக்கொண்ட விலை இறக்கம் இரண்டாமவருக்கு லாபம். நீங்கள் திரும்ப விற்றாலும் கிட்டத்தட்ட வாங்கிய விலையே கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் இந்த வழிக்கு அறிவு வேண்டும். அது இல்லாவிட்டால் அறிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும். பார்க்க வேண்டியவற்றை முக்கியத்துவப்படி சொல்கிறேன்.

உடல் பக்கமிருந்து தலைப் பக்கம் நோக்கி, நெக்கின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். லேசான முன்வளைவு இருப்பது இயல்பு, அது தேவையும்கூட. இரண்டு ஓரமும் வெவ்வேறு மாதிரி வளைந்திருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அடுத்தது ட்ரஸ் ராட். முடிந்தால் விற்பவர் முன்னிலையில், அவர் அனுமதியோடு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். அது பிடித்து வேலை செய்ய வேண்டும். முற்றிலும் இறுகியோ, தளர்ந்து சும்மா சுற்றியோ இருந்தால் ஆபத்து.

பிறகு ஃபிரெட். முதல் ஐந்து ஃபிரெட்களில் மெல்லிய தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கும். ஆழம் குறைவென்றால் சமன்செய்து தேய்த்துவிடலாம். ஆழமாக இருந்தால் ஃபிரெட்டையே மாற்ற வேண்டும். அந்த வேலைக்கூலி பல நேரம் மலிவுக் கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும். இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இதுவே.

தலை பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார் என்றால், கிப்சனின் லெஸ் பால் வகை எல்லாம் அப்படித்தான், தலையும் நெக்கும் சேரும் இடத்தைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். நன்றாக ஒட்டப்பட்டிருந்தால் உறுதிக்குப் பங்கமில்லை. ஆனால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். கடைசியில் ஆம்பில் செருகி எல்லாக் குமிழையும் திருப்பி, எல்லா பிக்கப்பையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் பயம் வேண்டாம், பெரும்பாலும் தூசிதான். ஒரு பிக்கப் பேசவே இல்லை என்றால் பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.

போலிகளும் உண்டு. நம்ப முடியாத விலையில் நம்ப முடியாத பெயர் பொறித்த கிட்டார் வந்தால், எழுத்து வடிவத்தையும் வரிசை எண்ணையும் நிறுவனம் வெளியிட்ட படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

## வழி 4: பெயரில்லாத ஆக மலிவு, அப்புறம் மாற்றங்கள்

இந்த வழியின் மேல் பலருக்கு ஆசை வரக் காரணம் புரிகிறது. குயீன் ராக் குழுவின் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். நெக்குக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரம், ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். ரெட் ஸ்பெஷல் என்ற அந்தக் கிட்டாரைத்தான் உலக மேடைகளில் எல்லாம் வாசித்தார். இன்னொரு ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனும் தள்ளுபடி உடல் ஒன்றில் தன் புகழ்பெற்ற கிட்டாரைக் கோத்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் இருவருக்கும் எது வேண்டும் என்று தெரிந்திருந்தது, செய்யும் கையும் இருந்தது.

சாதாரணமாக நடப்பது வேறு. பிரிட்ஜ் மாற்றலாம் என்று வாங்கினால் தந்தி இடைவெளி பொருந்தாது. மலிவு பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 52 மி.மீ. சுற்றி இருக்கும், பழைய ஃபெண்டர் அளவில் அது 56 மி.மீ. உடல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தால் நல்ல ட்ரெமலோவின் கட்டை பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். தரமான வால்யூம் குமிழின் தண்டு நுழைய பிளாஸ்டிக் தகட்டில் துளையைப் பெரிதாக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் செலவழித்து முடித்தபோது, இரண்டாம் வழியில் போயிருந்தால் ஆகியிருக்கும் பணத்தைத் தாண்டியிருப்பீர்கள். விற்கப் போனால் மாற்றிய பாகங்களுக்கு எவரும் ஒன்றும் தர மாட்டார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தி வைத்து, அவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு விற்பதே புத்திசாலித்தனம்.

இந்த வழி பொருந்தும் ஆள் ஒருவர் இருக்கிறார். சால்டரிங் செய்யப் பிடிக்கும், ஃபிரெட் சமன்செய்யக் கற்றுக்கொள்ள ஆசை, கெட்டுப்போனாலும் மனம் நோகாத ஒரு பயிற்சிப் பொருள் வேண்டும் என்பவர். அவருக்கு இது வாத்தியம் வாங்குவது மட்டுமல்ல, தொழிலும் கற்றுக்கொள்வது. கைக்கு வேறொரு கிட்டார் ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது.

## ஒரே பார்வையில்

| | ஸ்டார்ட்டர் பேக் | மலிவு வரிசை | பழையது | பெயரில்லாதது |
|---|---|---|---|---|
| வாசிக்க வசதி | செட்அப் தேவை | செட்அப் செய்தால் நன்று | நல்லதாக அமைந்தால் முதலிடம் | ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி |
| ஒலி | கூடவே வரும், சுமார் | தனியாகச் செலவு | தனியாகச் செலவு | தனியாகச் செலவு |
| மறைந்திருக்கும் செலவு | ஆம்ப், கேபிள் | ஆம்ப், செட்அப் | ஃபிரெட், பழுது | பாகங்கள், கருவிகள் |
| திரும்ப விற்றால் | குறைவு | ஓரளவு | நல்ல விலை | ஏறக்குறைய இல்லை |
| தேவையான அறிவு | இல்லை | கொஞ்சம் | நிறைய | மிக நிறைய |

## யாருக்கு எது

வாசிப்பாரா என்றே தெரியாத பிள்ளைக்குப் பரிசு, உதவிக்கு ஆள் இல்லை என்றால் பேக். பெயர் பெற்ற நிறுவனத்துடையதாகப் பார்த்து வாங்கி, உடனே செட்அப்புக்குக் கொடுங்கள். தொடர்ந்து வாசிக்கப்போகிறேன் என்று முடிவெடுத்துவிட்ட பெரியவருக்கு இரண்டாம் வழி. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். அசையாத பிரிட்ஜ், ஹெட்ஃபோன் போடக்கூடிய சிறிய ஆம்ப், ஒரு செட்அப். கிட்டார் தெரிந்த நண்பரோ ஆசிரியரோ கூட வருவார் என்றால் தயங்காமல் மூன்றாம் வழி. ஏற்கெனவே அக்குஸ்டிக் வாசிக்கிறவர்களும் இதில் தைரியமாக இறங்கலாம். நெக் நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் கைக்கே தெரியும்.

இணையத்தில் வாங்குவதா, கடையிலா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: திருப்பி அனுப்பும் உரிமை தெளிவாக இருந்தால் எங்கும் வாங்கலாம், இல்லையென்றால் கையில் எடுத்து வாசிக்க முடிகிற இடத்தில் மட்டும்.

## வாங்கிய பிறகு

முதலில் தந்தியை மாற்றுங்கள். புதுக் கிட்டாரோடு வரும் தந்தி எத்தனை மாதம் கிடங்கில் இருந்ததோ தெரியாது. .009 முதல் .042 அங்குலம் வரை தடிமன் உள்ள மெல்லிய தொகுதி ஆரம்பத்துக்கு இதம். புதுத் தந்தி ஓரிரு நாள் இளகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்தால் சீக்கிரம் நிலைக்கும். நட்டில் தந்தி சிக்குகிறது என்று தெரிந்தால் அந்த வெட்டில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது செட்அப். தந்தியின் தடிமனை மாற்றிய பிறகே செய்ய வேண்டும், முன்னால் செய்தால் மறுபடி செய்ய நேரும். கொடுக்கும்போது "நட் வெட்டுகளையும் பாருங்கள், ஃபிரெட் முனைகளையும் தேய்த்துக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எல்லாக் கடைகளிலும் சாதாரண செட்அப்பில் இது அடங்காது. வறண்ட பருவத்தில் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொள்வதும் உண்டு. நெக் ஓரத்தில் விரலை ஓட்டும்போது கீறுவது போல் இருந்தால் அதுதான்.

பயிற்சியின்போது டிஸ்டார்ஷனை முதல் சில வாரம் அடக்கி வையுங்கள். கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) அதிகம் இருந்தால் எல்லாத் தட்டும் ஒன்றாகக் கலந்து தவறு காதில் விழாது. சுத்தமான ஒலியில் வாசித்தால் எந்த விரல் தந்தியை முழுதாக அழுத்தவில்லை என்று உடனே தெரியும். வாசிக்காத தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி வைக்கும் பழக்கமும் எலெக்ட்ரிக்கில் ஆரம்பத்திலேயே வர வேண்டும். அக்குஸ்டிக்கில் அமுங்கிப்போகும் சின்னச் சின்ன ஓசையெல்லாம் இங்கே ஆம்ப் வழியே பெரிதாக வரும்.

பிக்கப் மாற்றும் ஆசை கட்டாயம் வரும். அதற்கு முன் பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகையும் திருப்பி உயரத்தை மாற்றிப் பாருங்கள். காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஸ்வரம் நீடிக்காது, சுருதியும் அலையும். கொஞ்சம் இறக்கினால் ஒலி திறக்கும். அப்படியும் திருப்தி இல்லையென்றால் பிக்கப்புக்கு வைத்திருக்கும் பணத்தை ஆம்புக்குக் கொடுங்கள். மலிவுக் கிட்டாரில் காதுக்கு உடனே தெரியும் மாற்றம் அங்கிருந்துதான் வரும்.